புருல் எனக்கு என்ன முறை

"அடுத்தது புருல்" என்றார் டோக்டோசுன் அண்ணன், நோட்டுப் புத்தகத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டு. "அவ உங்களுக்கு என்ன முறை?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று புரியும்.

எங்கள் கோச்கோர் மலைப் பள்ளத்தாக்கில் எந்த விருந்தானாலும் மைக் பிடிப்பவர் டோக்டோசுன் அண்ணன்தான். சனிக்கிழமை என் மகள் ஐசிரெக்கின் தளையறுப்பு. நடை பழகும் குழந்தையின் இரண்டு கணுக்காலையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் சேர்த்துக் கட்டி நிறுத்துவோம். ஓட்டப் பந்தயம் நடக்கும். கடைசியாக நடக்கும் பெண்கள் பந்தயத்தில் முதலில் வந்து குழந்தையைத் தொடுகிறவர் கத்தியை வாங்கிக் கயிற்றை அறுக்க வேண்டும். அறுக்கிறவரின் நடை குழந்தைக்கு வரும். இதில் ஓடுகிறவர்களை முறை சொல்லித்தான் கூப்பிடுவது வழக்கம். குழந்தையின் அத்தை இன்னார், சித்தி இன்னார் என்று. வெறும் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால், வழிதவறி வந்தவளைச் சாப்பிட உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும்.

"தோழின்னு போட்டுக்கவா?" என்றார்.

"தோழியா? அவளா?"

"அப்ப எதிரியா?"

அதுவும் இல்லை. போன வருடம் எங்கள் கறவைக் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு கணவாய்ப் பக்கம் ஓடியபோது, பிடித்துக் கொண்டுவந்து விட்டவள் புருல்தான். கொண்டுவந்தவள் சும்மா போகவில்லை. "குதிரைக்கே உன் கடை பிடிக்கல பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இருந்தாலும் எதிரி செய்கிற வேலை அல்ல அது. பகையாளி என்றும் சொல்ல முடியாது. பகையாளி வீட்டில் யாரும் தேநீர் குடிப்பதில்லை. நான் புருல் வீட்டில் எங்கள் ஊர் உப்புத் தேநீர் குடித்திருக்கிறேன், உப்பு அதிகம் என்றும் சொல்லியிருக்கிறேன். போட்டியாளர் என்பது தேர்தல் நேரத்தில் வானொலியில் வரும் சொல். அதை ஒரு விருந்தில் சொன்னால் ஓட்டுச் சீட்டு எங்கே என்று கேட்பார்கள்.

"சக்களத்தின்னு எழுதிடட்டுமா?" என்றார் டோக்டோசுன் அண்ணன்.

என் வீட்டுக்காரர் குபானிச்சுக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "அண்ணே, எனக்கு ஒருத்தியே போதும்ணே" என்று இருமிக்கொண்டே சொன்னார். அந்த ஒருத்தியை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். பள்ளியில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் நான் ஒன்பது முறை இரண்டாவதாக வந்திருக்கிறேன். ஒன்பது முறையும் முதலில் வந்தவள் புருல். ஒரே ஒரு முறை நான் முதலில் வந்தேன். அன்று அவள் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தாள். அதை நான் வெற்றிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். இப்போது நாரின் நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில் என் கடையும் அவள் கடையும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் அதே குதிரைப்பால், அதே காய்ந்த தயிர் உருண்டை. அவள் சிவப்புக் குடை விரித்தால் நான் இரண்டு குடை விரிப்பேன். நான் 'குளிர்ந்த குதிரைப்பால்' என்று பலகை வைத்தால், மறுநாள் அவள் பலகையில் 'உண்மையிலேயே குளிர்ந்த குதிரைப்பால்' என்று இருக்கும். நான் ஆறு மணிக்குக் கடை திறந்தால் அவள் ஐந்தே முக்காலுக்குத் திறந்திருப்பாள். இந்த எட்டு வருடத்தில் எங்கள் இரண்டு பேர் கடைப் பாலும் பந்தயம் கட்டிக்கொண்டு நன்றாகிவிட்டது. சாலையில் போகிற லாரிக்காரர்களுக்குத்தான் லாபம்.

"யோசிச்சுச் சொல்லுங்க தங்கச்சி" என்று டோக்டோசுன் அண்ணன் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனார்.

எனக்கு யோசிக்க அதைவிடப் பெரிய விஷயம் இருந்தது. ஐசிரெக்குக்குப் பதினாறு மாதம் ஆகிவிட்டது. ஏப்ரலில் ஒரு நாள் எழுந்து மூன்று அடி வைத்தாள். நாங்கள் எல்லோரும் கூச்சல் போட்டோம். அந்தச் சத்தத்தில் பயந்தாளோ என்னவோ, பொத்தென்று உட்கார்ந்தவள் இரண்டு மாதமாக அடுத்த அடி வைக்கவில்லை. சுவரைப் பிடித்து நிற்பாள், நிற்பதோடு சரி. மருத்துவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை, பொறுங்கள் என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. தூங்கும்போது அவள் பாதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, 'இது ஓட வேண்டிய கால்' என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

"தளை இன்னும் அறுபடல. அறுத்தா ஓடுவா" என்றார் என் மாமியார். சரி, அறுப்போம். ஆனால் யார் அறுப்பது?

அங்கேதான் சிக்கல். குபானிச்சின் மூத்த அக்கா குல்சுன், தானும் ஓடுவதாகச் சொல்லியிருந்தார். குல்சுன் அக்கா தங்கம். என் பிரசவத்தின்போது நாற்பது நாள் என் பக்கத்தில் இருந்தவர். ஆனால் நடை என்று வந்தால், அக்கா அடுப்பிலிருந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வருவதற்குள் தேநீர் ஆறிவிடும். இருக்கட்டும், ஓடுகிற மற்றவர்கள் முந்திவிடுவார்களே என்பீர்கள். முந்த மாட்டார்கள். மற்ற ஆறு பேரும் இந்த வீட்டு மருமகள்களும் கொழுந்தன் மனைவிகளும்தான். மூத்த நாத்தனாரை முந்திக்கொண்டு ஓடிவிட்டு, மறுநாள் எந்த முகத்தோடு அவர் வீட்டுக் கதவைத் திறப்பது? போன வருடம் என் கொழுந்தன் மகன் தளையறுப்பில் இப்படித்தான் நடந்தது. எட்டுப் பெண்கள் மூச்சு வாங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு குல்சுன் அக்கா பின்னாலேயே ஊர்வலம் போனார்கள். பையன் இன்றைக்கும் யாராவது கூப்பிட்டால் மறுநாள்தான் வருகிறான்.

தாய் ஓடக்கூடாது. அது சட்டம். அப்படியானால் அக்காவை மதிக்காமல் முந்தி ஓடக்கூடிய காலும் கல்நெஞ்சும் உள்ள ஒருத்தி வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஒருத்திதான் இருக்கிறாள்; அவளைக் கேட்காமலே பட்டியலில் பெயரைக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் கடையில், வெயில் ஏறியதும் புருல் முன்னால் போய் நின்றேன். அவள் மேசையை எட்டு வருடத்தில் முதல் தடவையாக எதிர்ப்புறமிருந்து பார்த்தேன். துடைத்து வைத்திருந்தாள், வயிறு எரிந்தது.

"என்ன, குதிரைப்பால் வேணுமா? நல்ல பாலுக்கு ஆசைப்பட்டு வந்துட்டியா?"

"சனிக்கிழமை வர்றியான்னு கேக்க வந்தேன்."

"உங்க வீட்டுக்காரர் தெருவையே கூப்பிட்டுட்டாரே. நீ வேற எதுக்கு நடந்து வர்ற? பத்தடி இருக்கே, களைச்சிருப்ப."

பல்லைக் கடித்துக்கொண்டேன். "பெண்கள் பந்தயத்துல நீ ஓடணும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ ஓடறியா?"

"பெத்தவ எப்படிடி ஓடுவா?"

"அப்ப நான் யாரை ஜெயிக்கிறது? உங்க குல்சுன் அக்காவையா?"

"ஆமா. அவங்களைத்தான். யாரும் முந்த மாட்டேங்கறாங்க. உனக்குத்தான் எங்க குடும்பத்துல யார்மேலயும் மரியாதை கிடையாதே."

"உன்மேல சுத்தமா கிடையாது" என்று ஒத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "பாப்பா இன்னும் நடக்கலையா?"

அவள் மேசையில் இருந்த தயிர் உருண்டைகளை எண்ண ஆரம்பித்தேன். பதில் சொன்னால் அழுதுவிடுவேன், புருல் முன்னால் அழுவதைவிடக் கடையை அவளுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம்.

"சனிக்கிழமை நல்ல வியாபாரம்" என்றாள் அவள், பீப்பாயில் பாலைக் கடையத் திரும்பிக்கொண்டே. "நீ கடை மூடற. எனக்கு ரெண்டு மடங்கு. பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் வருவாளா, மாட்டாளா? மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

சனிக்கிழமை வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் சமுக்காளம் விரித்தோம். மலைபோல் குவித்த எண்ணெய்ப் பணியாரம், வெண்ணெய், ஆப்ரிகாட், பெரிய கொப்பரையில் ஆட்டுக்கறி. முதலில் ஊர்க் குழந்தைகள் ஓடினார்கள், விழுந்தார்கள், மிட்டாய் வாங்கினார்கள். கிழவர்கள் பந்தயத்தில் இரண்டு பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, யார் முதல் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐசிரெக் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, காலில் கறுப்பு வெள்ளைக் கயிற்றோடு என் கைகளுக்கு நடுவே நின்றாள். ஒரு பணியாரத்தைச் சப்பிக்கொண்டு எல்லோரையும் அதிகாரி மாதிரி பார்த்தாள்.

"இப்போ, நம்ம பெண்கள்!" மைக்கில் டோக்டோசுன் அண்ணனின் குரல் மலையில் பட்டுத் திரும்பியது. குழந்தை நிற்கும் இடத்திலிருந்து புறப்பட்டு, தூரத்தில் உள்ள பாப்லர் மரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து குழந்தையின் தோளைத் தொட வேண்டும். "குழந்தையோட பெரிய அத்தை, குல்சுன்! சித்தி, அசேல்! ஒன்றுவிட்ட சித்தி..." என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பித் திரும்பி என் கழுத்து வலித்தது.

அப்போது வேலியைத் தாண்டிக் குதித்தாள் புருல். நல்ல பாவாடைக்குக் கீழே பழைய ஓட்டக் காலணி. வருகிற வழியில் ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

டோக்டோசுன் அண்ணன் நோட்டைப் பார்த்தார். வெற்றிடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஐசிரெக்கின் சட்டையைச் சரிசெய்தேன்.

"அப்புறம்... பக்கத்துக் கடை புருல்!" என்றார்.

கூட்டம் சிரித்தது. புருல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருடத்தில் அவள் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். இந்தப் பார்வை புதிது. மனசு சுருங்கிப் போனவளின் பார்வை அது.

அண்ணன் துணியை வீசிச் சைகை காட்டினார், ஓடினார்கள். ஓடினார்கள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். குல்சுன் அக்கா முன்னால், இரண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு, பால் பானை தூக்கிப் போகிற நிதானத்தில் போனார். பின்னால் ஆறு பேரும் "அப்பப்பா" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஒருத்தியும் ஒரு முழம்கூட முந்தாமல் போனார்கள். சரி, இது தெரிந்ததுதான். ஆனால் புருல்? அவளும் கடைசியில் மெல்லக் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தாள், பணியாரத்தை மென்றுகொண்டே. பக்கத்துக் கடைக்காரி என்றால் விருந்தாளி. விருந்தாளி எப்படி வீட்டு மூத்தவளை முந்துவது என்று மரியாதையாக ஓடினாள்! என்மேல் இல்லாத மரியாதையெல்லாம் அன்றைக்கென்று வந்துவிட்டது அவளுக்கு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "அத்தை, பாப்பாவைப் பிடிங்க" என்று மகளை மாமியார் கையில் கொடுத்தேன். செருப்பை உதறினேன். பாவாடையை இடுப்பில் செருகினேன்.

"ஏய், ஊல்கான்! நீ ஓடக்கூடாது! சட்டம் இருக்கு!" என்று குபானிச் கத்தினார்.

சட்டத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று பாய்ந்தேன். பிள்ளை பெற்ற பிறகு நான் ஓடியது அதுதான் முதல் தடவை. புல் ஈரமாக இருந்தது, காற்று காதில் அடித்தது, முதல் முப்பது அடியில் உடம்பு திட்டியது, பிறகு நினைவு வந்து அதுவே ஓட ஆரம்பித்தது. பாப்லர் மரத்துக்குச் சற்று முன்னால் புருலின் தோளோடு தோள் வந்துவிட்டேன்.

"வெக்கமா இல்ல உனக்கு? நடக்கறதுக்கா கூப்பிட்டேன்?"

"ஆளே இல்லாம எப்படிடி ஓடறது?" என்றாள் அவள், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. அப்புறம் பக்கவாட்டில் என் வெறுங்காலைப் பார்த்தாள். சிரித்தாள். "வந்துட்டியா. சரி, வா."

போனாள் பாருங்கள்! மரத்தைச் சுற்றும்போது குல்சுன் அக்காவுக்கு வலப்பக்கம் அவள், இடப்பக்கம் நான். அக்காவின் தலைத்துணி காற்றில் பறந்து மருமகள்கள் மேல் விழுந்தது. எனக்கு முன்னால் புருலின் முதுகு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எனக்கு மனப்பாடமான முதுகு. கூட்டம் எழுந்து நின்று கூவியது. எதற்காக ஓட ஆரம்பித்தேன் என்பது எனக்குத் தெரியும். அவளை ஓட வைக்கத்தான், அவள் ஜெயிக்கத்தான். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் கடைசி இருபது அடியில் எல்லாம் மறந்துவிட்டது. பிள்ளை, தளை, சட்டம் எதுவும் இல்லை. இவளை இன்றைக்கு விடக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. உயிரைக் கொடுத்து ஓடினேன். ஓடும்போதே சிரித்துக்கொண்டிருந்தேன், அவளும்தான்.

ஐசிரெக்கின் வலத் தோளில் அவள் கை, இடத் தோளில் என் கை.

"புருல்!" என்று கத்தினார் டோக்டோசுன் அண்ணன்.

"என் கைதான் முதல்ல பட்டுச்சு!" என்று நானும் கத்தினேன்.

"தாய் கணக்குல வராது."

"வராட்டிப் போகட்டும், ஆனா என் கைதான் முதல்ல! அத்தை, நீங்க சொல்லுங்க!"

"அரை முழம் பின்னால வந்துட்டுப் பேச்சைப் பாரு" என்றாள் புருல், முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு. "பத்தாவது தடவை. எண்ணிக்கோ."

மாமியாரோ சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சாட்சிக்கு உதவவில்லை. அப்போதுதான் குல்சுன் அக்கா வந்து சேர்ந்தார். செருகிய பாவாடையை அவசரமாக இறக்கிவிட்டேன். அக்கா நேரே வந்து என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்.

"அப்பாடி! நல்ல வேலை பண்ணினடி. போன வருஷமும் பார்த்தேன், ஒருத்தியாவது முந்துவான்னு. ஒருத்தியும் முந்தல. என் முட்டி வலி எனக்குத்தான் தெரியும். முன்னால ஓட விட்டுட்டாளுங்க, நான் எப்படிப் பாதியில நிக்கறது?"

ஆறு மருமகள்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கத்தியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். புருல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். டோக்டோசுன் அண்ணன் நோட்டைத் திறந்தார். "அறுக்கறவங்க குழந்தையோட அம்மாவுக்கு என்ன முறைன்னு நாலு பேருக்குத் தெரியணும். பக்கத்துக் கடைன்னு சொன்னா மலை ஒத்துக்காது."

மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். மூச்சு இன்னும் சரியாகவில்லை.

"எதிராளி" என்றேன். "எழுதிக்கோங்க அண்ணே. இவ என் எதிராளி. அக்கா தங்கச்சி எனக்கு நிறைய இருக்காங்க, கடவுள் புண்ணியத்துல. விட்டுக் கொடுக்கறவங்க. எதிராளி எனக்கு இவ ஒருத்திதான். இவ இல்லேன்னா நான் எங்கயோ உக்காந்துட்டு இருப்பேன்."

புருல் குனிந்து கயிற்றை ஆராய்வதுபோல் பார்த்தாள். அவள் காது நுனி சிவந்திருந்தது.

"அறுக்கறேன்" என்றாள். "யாராவது இந்தப் பொம்பள கையிலேர்ந்து மைக்கை வாங்குங்க."

ஒரே வீச்சில் கயிறு அறுந்தது. புருல் ஐசிரெக்கின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மெதுவாக நடத்தத் தெரியாது அவளுக்கு, அவள் வேகத்திலேயே நடந்தாள். என் மகள் இழுபட்டாள், தடுமாறினாள், ஓர் அடி, இரண்டு, மூன்று. மூன்றாவதில் என் மூச்சு நின்றுவிட்டது. நான்கு! அப்போது புருல் கையை விட்டுவிட்டுத் தானாக முன்னே போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐசிரெக் அந்த முதுகைப் பார்த்தாள். முகத்தைச் சுருக்கினாள். அந்த முகம் எனக்குத் தெரியும், அது என் முகம். பணியாரத்தை வீசி எறிந்துவிட்டு அவள் பின்னாலேயே போனாள். ஐந்து, ஆறு, ஏழு. கையை விரித்துக்கொண்டு வழியில் நின்ற என்னை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் தாண்டிப் போனாள்.

ஒரே நாளில் இரண்டு பேர் என்னை முந்திவிட்டார்கள். நான் புல்லில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

பரிசாகக் கொடுத்த ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புருல் வேலியருகே நின்றாள். "நாளைக்குக் கடை எத்தனை மணிக்கு?"

"ஆறுக்கு" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் ஐந்து மணிக்கே போய்விட்டேன். அவள் கடை திறந்திருந்தது. சிவப்புக் குடைக்குக் கீழே ஆட்டுக்குட்டியை என் கடையைப் பார்த்தபடி கட்டிப்போட்டிருந்தாள். மேசையில் தேநீர்ப் பானை ஆவி பறக்க இருந்தது, பக்கத்தில் இரண்டு கிண்ணம்.

"இவ்வளவு நேரமா தூங்கின?" என்றாள்.

உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். உப்பு அதிகம். அதை அவளிடம் சொன்னேன்.